ஏலத்தோட்டத்துக் கல் ரோட்டுக்கு ஜிம்னி வாங்கலாமா?

போடியில் இருந்து மலை ஏறித் தோட்டம் பார்க்கிற குடும்பங்களில் வண்டி வாங்குகிற பேச்சு வந்தால் முதலில் வருகிற பெயர் மகிந்திராதான். தாத்தா காலத்தில் எம்.எம். 540, அப்புறம் கமாண்டர், மேஜர், இப்போது தார். அதனால் மாருதி ஜிம்னி எடுக்கப் போகிறேன் என்று சொன்னதும் வீட்டிலும் சரி, ஏலக்காய்க் கடைகளிலும் சரி, ஆளாளுக்குக் கேட்டது ஒரே கேள்வி: 105 குதிரைத்திறன் பெட்ரோல் வண்டி மலையில் என்ன இழுக்கும்? நல்ல மழை, நல்ல வெயில் எல்லாம் பார்த்து ஓட்டிய பிறகு சொல்கிறேன். இழுக்கிறது, நன்றாகவே இழுக்கிறது. எதனால் இழுக்கிறது, எந்த இடத்தில் திணறும் என்று தெரிந்து வாங்கினால் இந்த விலையில் எங்கள் மாதிரி ரோட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை என்பது என் கருத்து.

முதலில் ரோடு எப்படி என்று சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் இந்த வண்டியைப் பற்றிப் பேசவே முடியாது. போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு, கொச்சி தனுஷ்கோடி நெடுஞ்சாலை, நல்ல தார் ரோடு, அதற்கு எந்தக் காரும் போதும். மெட்டைத் தாண்டி ஏதோ ஒரு இடத்தில் தார் ரோட்டை விட்டு ஏலக்காட்டுக்குள் இறங்குவோம் பாருங்கள், அங்கிருந்துதான் கதை. ஒரு பக்கம் மண் கரை, இன்னொரு பக்கம் சரிவு, நடுவில் ஒரு ஜீப் போகிற அகலம். யானைத்தலை அளவுக் கல்லும் முழங்கால் பள்ளமும் மாறி மாறி வரும். மரநிழலில் வெயிலே விழாததால் மழை நின்று நாலு நாள் ஆனாலும் களிமண் காயாது. எதிரே தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு ஜீப் வந்துவிட்டால் யாராவது ஒருவர் பின்னாலேயே போய் ஒதுங்க வேண்டும்.

இந்த ரோட்டில் குதிரைத்திறனுக்கு வேலை குறைவு. இரண்டாவது கியரையே தொடாமல் போகிற பாதையில் 150 குதிரை எதற்கு? இங்கே தீர்மானிக்கிறது அகலமும் எடையும். ஜிம்னியின் அகலம் 1645 மில்லிமீட்டர். தார் 1820, அதன் ஐந்து கதவு வடிவமான தார் ராக்ஸ் 1870. தாருக்கும் இதற்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட ஏழு அங்குலம். கேட்க ஒன்றுமில்லை, ஆனால் வலது பக்கம் கரையில் கண்ணாடி உரசுகிற, இடது பக்கச் சக்கரம் விளிம்பில் நிற்கிற இடத்தில் அந்த ஏழு அங்குலம் இருந்தால் கல்லை நடுவில் விடாமல் ஓரமாகச் சுற்றிப் போகலாம், இல்லாவிட்டால் கல் மேலேயே ஏற்ற வேண்டியதுதான்.

எடையும் அப்படித்தான். ஜிம்னி சுமார் 1200 கிலோ. நாலு சக்கர இழுவை உள்ள தார் இதைவிடக் கிட்டத்தட்ட அரை டன் கூடுதல். களியில் புதைகிற வண்டியைக் கயிறு கட்டி இழுத்தவர்களுக்கு இந்த அரை டன் என்னவென்று தெரியும். கனமான வண்டி சக்கரம் சுற்றச் சுற்றக் கீழே இறங்கும், இறங்கினால் அடுத்த ஜீப் வருகிற வரை காத்திருக்க வேண்டும். ஜிம்னி அவ்வளவு சீக்கிரம் புதைவதில்லை, புதைந்தாலும் இரண்டு பேர் பின்னால் நின்று ஆட்டித் தள்ளினால் பெரும்பாலும் வந்துவிடும்.

என்ஜினைப் பொறுத்தவரை 1462 சிசி பெட்ரோல், 134 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதுவும் 4000 சுற்றில்தான் முழுதாக வரும். தார் டீசலில் 300, அதுவும் 1600 சுற்றிலேயே. தாளில் பார்த்தால் போட்டியே கிடையாது. ஆனால் ஜிம்னியில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கம்பி இருக்கிறது, டூ ஹெச் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும்), ஃபோர் ஹெச் (நாலு சக்கரமும் இழுக்கும்), ஃபோர் எல் (நாலு சக்கரமும், லோ கியரில்) என்று. வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, அதை ஃபோர் எல்லுக்குத் தள்ளினால் சக்கரத்துக்குப் போகிற முறுக்கு இரண்டு மடங்காகும், வேகம் பாதியாகும். அந்த நிலையில் முதல் கியரில் ஆக்சிலேட்டரைத் தொடாமலே வண்டி ஊர்ந்து ஏறும். உர மூட்டை ஏற்றி, கூட மூன்று பேர் உட்கார்ந்து ஏறினாலும் என்ஜின் அலறாது. லோ கியர் போடச் சோம்பல்பட்டு ஃபோர் ஹெச்சிலேயே முறுக்கி ஏற்றுகிறவர்கள்தான் "இதில் பவர் இல்லை" என்று புலம்புகிறார்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். காய் உலர்த்துகிற எங்கள் ஸ்டோருக்குக் கீழே ஒரு திருப்பம், அதில் ஏறும்போது முன்னால் இடது சக்கரம் ஒரு பாறை மேல் ஏறுகிற அதே நேரத்தில் பின்னால் வலது சக்கரமும் மேடேறும். மற்ற இரண்டு மூலையும் பள்ளத்தில் தொங்கும். சாதாரண எஸ்யூவி என்றால் இந்த இடத்தில் தொங்குகிற சக்கரங்கள் காற்றில் சுற்றும், வண்டி நகராது. ஜிம்னிக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே துண்டு ஆக்சில், மேலே காயில் ஸ்பிரிங். ஒரு பக்கச் சக்கரத்தைப் பாறை மேலே தள்ளினால் ஆக்சில் சாய்ந்து மறுபக்கச் சக்கரத்தைக் கீழே அமுக்கும், அதனால் முடிந்த வரை நாலும் தரையைத் தேடிக்கொண்டே இருக்கும். அதையும் மீறி ஒரு சக்கரம் தூக்கிவிட்டால் பிரேக் எல்.எஸ்.டி. என்று ஒரு ஏற்பாடு, வெறுமனே சுற்றுகிற சக்கரத்தை மட்டும் வண்டியே பிரேக் போட்டுப் பிடித்து, பிடிமானம் உள்ள சக்கரத்துக்கு இழுவையை அனுப்பிவிடும். கடகடவென்று ஒரு சத்தம் வரும், ஒரு நொடி எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் பயந்து அந்த நொடியில் காலை எடுத்துவிடுவார்கள், அங்கேதான் தப்பு. காலை ஆட்டாமல், கூடுதலாக முறுக்காமல், அதே அழுத்தத்தில் வைத்திருங்கள். பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறிவிடும். ஜீப் ஓட்டி நரைத்த ஒரு அண்ணன் பக்கத்தில் நின்று இதைப் பார்த்துவிட்டு, "தம்பி, லாக்கு இல்லாமலேயா ஏறுச்சு?" என்று குனிந்து அடியில் பார்த்தார். லாக்கு என்றால் ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரத்தையும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டுகிற டிஃபரன்ஷியல் லாக்.

ஸ்டியரிங்கும் பழைய ஜீப் வகைதான். கல்லில் சக்கரம் மோதினால் அந்த உதை கட்டை விரலுக்கு அவ்வளவாக வராது, அது பெரிய நிம்மதி. ஆனால் மெட்டு ஏறும்போது கொண்டை ஊசியில் திருப்பிவிட்டால் மற்ற கார் மாதிரி ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். பழகிவிடும்.

ஐந்து கதவு வண்டியில் ஒரு குறை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. வெளிநாடுகளில் ஓடுகிற மூன்று கதவு ஜிம்னிக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2250 மில்லிமீட்டர். நமக்கு வந்ததில் 2590. பின் கதவுக்காக நீட்டிய அந்த 340 மில்லிமீட்டர் வயிற்றில்தான் தெரியும். தோட்டத்து ரோட்டில் மழைத்தண்ணீர் வடிய குறுக்கே மண்ணை மேடாகக் கூட்டி வைத்திருப்பார்கள், அதை நேராக ஏறித் தாண்டினால் முன் சக்கரம் இறங்கியதும் நடுவயிறு மண்ணில் சர்ரென்று உரசும். தரையில் இருந்து 210 மில்லிமீட்டர் உயரம் இருந்தும் இந்த மாதிரி மேட்டில் போதவில்லை. நேராக ஏறாமல் கொஞ்சம் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினால் உரசாது. முன்னால் மூக்கு, பின்னால் வால் இரண்டும் குட்டை என்பதால் அங்கே இடிக்கிற பேச்சே இல்லை, முன்பக்கம் 36 டிகிரி, பின்பக்கம் 47 டிகிரி சரிவு வரை தாங்கும்.

சின்னச் சின்ன விஷயங்களில் மலை ஓட்டுகிறவனை நினைத்து வடிவமைத்திருக்கிறார்கள். பானெட்டின் இரண்டு மூலையும் டிரைவர் சீட்டில் இருந்து தெரியும், சரிவு ஓரத்தில் சக்கரம் எங்கே இருக்கிறது என்று ஊகிக்க வேண்டாம். கூரை ஓரத்தில் பழைய அம்பாசிடர் கார்களில் இருந்த மாதிரி மழைநீர்க் கால்வாய் இருக்கிறது, இடுக்கி மழையில் கதவைத் திறந்தால் தண்ணீர் மடியில் கொட்டாது. கண்ணாடிகள் செங்குத்தாக நிற்பதால் பனியிலும் சேற்றிலும் பார்வை மறைவது குறைவு. ஹெட்லைட்டில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிற வசதி மேல் மாடலில் உண்டு, காலையில் களியில் ஓடி மாலையில் மெட்டு இறங்குகிறவர்களுக்கு அது நிஜமான உதவி.

இந்த வண்டி திடீரென்று வந்ததில்லை. 1970இல் ஜப்பானில் சுஸுகி போட்ட 359 சிசி குட்டி ஜீப்பில் இருந்து வருகிற வம்சம். அதில் ஒரு கிளைதான் நமக்கு 1985 கடைசியில் வந்த ஜிப்ஸி. ராணுவத்திலும் ராலியிலும் வனத்துறையிலும் ஜிப்ஸி என்ன உழைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் லீஃப் ஸ்பிரிங் வண்டி அது, பின்னால் உட்கார்ந்து மலை ஏறினால் இடுப்பு விட்டுப்போகும். அந்த உறுதியை வைத்துக்கொண்டு இடுப்பை மட்டும் காப்பாற்றினால் எப்படி இருக்கும், அதுதான் ஜிம்னி. 2023 ஜூனில் 12.74 லட்சத்தில் தொடங்கி இங்கே விற்பனைக்கு வந்தது. ஊரில் பெரிதாக எடுபடவில்லை, மாதாமாதம் தார் விற்கிற எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அதே வண்டி, நம் குருகிராமில் செய்தது, நோமேட் என்ற பெயரில் 2025 ஜனவரி கடைசியில் ஜப்பானில் அறிமுகமாகி, சில நாட்களில் 50,000 ஆர்டர் குவிந்து, சுஸுகி புக்கிங்கையே நிறுத்தி வைத்தது. இங்கே எடுபடாததற்குக் காரணம் வண்டி மோசம் என்பதில்லை. நாம் அதை நகரத்து எஸ்யூவி வரிசையில் நிறுத்திப் பார்த்தோம், அந்த வரிசையில் அது தோற்கத்தான் செய்யும்.

ஏன் தோற்கும் என்றும் சொல்கிறேன். நாலு பேர் வண்டி, ஐந்தாவது ஆளுக்கு இடமே இல்லை. பின்னால் சாமான் வைக்கிற இடம் 208 லிட்டர், இரண்டு பை வைத்தால் முடிந்தது. சீட்டை மடக்கினால் 332, அப்போது பச்சைக்காய் மூட்டை போடலாம், ஆனால் ஆள் உட்கார முடியாது. திண்டுக்கல் தாண்டி நாலுவழிச் சாலையில் போகும்போது லாரியை முந்த வேண்டுமானால் முன்கூட்டியே கணக்குப் போட்டு கியரைக் குறைத்து இறங்க வேண்டும், பெட்டி மாதிரி நிற்பதால் காற்றுச் சத்தமும் அதிகம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் நாலே கியர், மற்றவர்கள் ஆறுக்குப் போய்ப் பல வருடம் ஆன காலத்தில் இது பழையது. மேனுவலில் ஐந்து. கம்பெனி சொல்கிற மைலேஜ் மேனுவலுக்கு லிட்டருக்கு 16.94. சமவெளியில் பொறுமையாக ஓட்டினால் அதற்குக் கொஞ்சம் கீழே கிடைக்கும், தோட்டத்துக்குள் லோ கியரில் ஊர்ந்தால் எனக்குப் பத்தை ஒட்டித்தான் வருகிறது. டேங்க் 40 லிட்டர்தான், அதனால் மலை ஏறும் முன் போடியிலேயே நிரப்பிவிடுவேன்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் இருக்கிறது. ஆனால் 2018இல் ஐரோப்பாவில் மூன்று கதவு ஜிம்னியை மோதிப் பார்த்தபோது கிடைத்தது மூன்று நட்சத்திரம். தார் 2020இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நாலு வாங்கியது, ராக்ஸ் பாரத் என்கேப்பில் ஐந்து. குடும்பத்தோடு அடிக்கடி நெடுஞ்சாலையில் நூறுக்கு மேல் ஓடுகிறவர் என்றால் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், நான் மறைக்க மாட்டேன்.

அப்படியானால் தார் யாருக்கு? மாதத்தில் பாதி நாள் மதுரை, கோயம்புத்தூர் என்று ஓடி, மீதி நாள் மலை ஏறுகிறவருக்கு. டீசலின் இழுவை தனிச் சுகம், அதை மறுக்கவே மாட்டேன். 650 மில்லிமீட்டர் தண்ணீர் வரை இறங்கலாம் என்று கம்பெனியே சொல்கிறது. குறுக்கே ஆறு ஓடுகிற பாதை உள்ளவர் ஜிம்னியைப் பார்க்கவே வேண்டாம், ஃபோர்ஸ் கூர்க்காவைப் பாருங்கள், 700 மில்லிமீட்டர் வரை போகும், காற்று இழுக்கிற குழாய் கம்பெனியிலேயே கூரை உயரத்துக்கு வைத்து வருகிறது, முன் ஆக்சில் பின் ஆக்சில் இரண்டுக்கும் லாக் உண்டு. 2024இல் என்ஜினையும் 140 குதிரைக்கு ஏற்றிவிட்டார்கள், முன்பு 90தான் இருந்தது. பாறையும் ஆறும் ஏறி இறங்குவதில் கூர்க்காவுக்கு இணை நம் ஊரில் புது வண்டி எதுவும் இல்லை என்றுகூடச் சொல்லுவேன். ஆனால் கனம், அகலம், சர்வீஸ் சென்டர் தேடி அலைவது, இதெல்லாம் கூடவே வரும். ஜிம்னியின் என்ஜின் சியாஸிலும் எர்டிகாவிலும் ஓடிய அதே என்ஜின், சின்ன ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார், பாகங்களும் கிடைக்கும். தோட்டத்து வண்டி மூன்று நாள் ஷெட்டில் நின்றால் பறித்த காய் இறங்காது, அதனால் எனக்கு இது பெரிய விஷயம்.

வாங்கினால் முதலில் மாற்ற வேண்டியது டயர். கூட வருகிற 195/80 ஆர் 15 தார் ரோட்டுக்கு ஏற்றது, களியில் பள்ளம் எல்லாம் அடைபட்டு வழவழவென்று ஆகிவிடும். 215/75 ஆர் 15 அளவில் ஆல் டெரெய்ன் டயர் பலரும் போடுகிறார்கள், நானும் அதுதான். அதற்கு மேல் வேண்டாம். ஒரு கடையில் இன்னும் பெரிய டயர், ஸ்பிரிங் உயர்த்தும் கிட், முன்னால் இரும்பு பம்பர் எல்லாம் சேர்த்துப் பெரிய தொகைக்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள், அதைப் பூட்டினால் இந்த வண்டியின் பெரிய பலமான எடை குறைவு போய்விடும், அப்புறம் எதற்கு ஜிம்னி? அந்தக் காசில் ஒரு காற்று அடிக்கிற சின்ன கம்ப்ரஸர், நல்ல இழுவைக் கயிறு, அடியில் ஒரு தகடு, இது போதும். களி வந்தால் டயரில் காற்றை இருபது பி.எஸ்.ஐ. வரை இறக்குங்கள், டயர் அகன்று மண்ணைக் கவ்வும். தார் ரோடு வந்ததும் மறக்காமல் ஏற்றிவிடுங்கள்.

இன்னொன்று, தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டாதீர்கள். முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற நடு டிஃபரன்ஷியல் இதில் கிடையாது, முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்பட்டுவிடும். திரும்பும்போது முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் போக வேண்டும், மண்ணில் என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துவிடும், தார் ரோட்டில் வழுக்க முடியாமல் வண்டி இழுத்துப் பிடிக்கும், கியர்பாக்ஸ்தான் அடி வாங்கும். அப்புறம் ஃபோர் வீல் இருக்கிறது என்பதற்காக எந்தக் காட்டுப் பாதையிலும் நுழைந்துவிடாதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டி ஓட்டுவது குற்றம், எங்கள் பக்கம் யானையும் உண்டு, அதன் வழியில் விளக்கைப் போட்டுக்கொண்டு விளையாடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம்.

பழைய ஜிம்னி இப்போது சந்தையில் நன்றாகவே கிடைக்கிறது, அதிகம் ஓடாத வண்டிகளும் இருக்கின்றன. பார்க்கப் போனால் பாலிஷைப் பார்க்காதீர்கள், ஒரு சாக்கை விரித்துப் படுத்து அடியைப் பாருங்கள். சேஸிஸ் நடுப்பகுதியில் சிராய்ப்பு இருந்தால் பரவாயில்லை, வளைந்திருந்தால் வேண்டாம். ஆக்சில் நடுவில் உள்ள குண்டில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, முன் சக்கரம் திரும்புகிற மூட்டுப் பக்கம் கிரீஸ் வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் பக்கத்தில் எங்காவது மண் தரைக்கு ஓட்டிப் போய், வண்டியை நிறுத்தி, ஃபோர் எல் போட்டு, முதல் கியரில் காலை எடுத்துவிட்டு ஊர விட்டுப் பாருங்கள். நகரத்திலேயே இருந்த பல வண்டிகளில் அந்தக் கம்பியை யாரும் தொட்டே இருக்க மாட்டார்கள். விழாமல் அடம்பிடித்தால், சத்தம் வந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் எடுக்காதீர்கள். எடுப்பதானால் மேனுவலாகப் பார்த்து எடுங்கள்.